ஆரஞ்சின் புளிப்பு இனிப்பாக மாறுவதில்லை

பழக்கடையில் ஆரஞ்சு வாங்கும்போது அடிக்கடி காதில் விழுவது இது: "லேசா புளிக்கும் சார், ரெண்டு நாள் வெச்சு சாப்பிடுங்க, நல்லா இனிச்சிரும்." சொல்பவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. மாம்பழம், வாழை, சப்போட்டா விற்றுப் பழகியவர். அவற்றில் கண்டதை ஆரஞ்சுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். அரிசிப் பானையில் மாங்காயைப் புதைத்துப் பழுக்கவைத்த வீடுகளில் சாத்துக்குடியையும் அப்படி வைத்துப் பார்த்தவர்கள் உண்டு.

கொஞ்சம் படித்தவர்கள் இதையே அறிவியல் தோரணையில் சொல்வார்கள்: "காயில் இருக்கிற அமிலம் பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுகிறது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாக்குக்கும் அப்படித்தான் தோன்றுகிறது: முதலில் புளித்தது, பிறகு இனிக்கிறது, ஆகவே புளிப்பு இனிப்பாகிவிட்டது. ஆனால் ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை, நாரத்தை, பம்பளிமாஸ் அடங்கிய சிட்ரஸ் குடும்பத்தில் நடப்பது அதுவல்ல. அங்கே இனிப்பு பிறக்கும் இடம் வேறு, புளிப்பு பிறக்கும் இடம் வேறு.

மாங்காயிடம் இருக்கும் சேமிப்பு

முதலில் மாங்காயும் வாழைக்காயும் ஏன் வைத்தால் இனிக்கின்றன என்று பார்த்துவிடுவோம். முற்றிய வாழைக்காயின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது சர்க்கரைத் துணுக்குகள் நீளமாகக் கோத்த மாலை. மாலையாக இருக்கும்வரை நாக்குக்கு இனிப்பு தெரியாது. பழுக்கும்போது அந்த மாலை அறுந்து உதிர்கிறது. உதிர்ந்த மணிகள் இனிக்கின்றன. மரத்திலிருந்து வெட்டி வந்த பிறகும் இது நடக்கக் காரணம், மூலப்பொருள் ஏற்கெனவே காய்க்குள் இருப்பதுதான்.

பச்சை வாழைக்காயை நறுக்கி ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் கருநீலமாகும்; மாவுச்சத்து இருப்பதற்கு அது அடையாளம். சாத்துக்குடிச் சுளையில் விட்டால் நீலம் வராது. (அயோடினின் பழுப்பு நிறமே மங்கிப்போவதையும் காணலாம். அது வைட்டமின் சி செய்யும் வேலை, வேறு கதை.) சாத்துக்குடிச் சாற்றில் பின்னால் இனிப்பாக உதிர்வதற்கென்று மாவுச்சத்து சேர்த்துவைக்கப்படுவதில்லை. மரத்தில் இருந்தவரை வந்த சர்க்கரைதான் அதன் மொத்தச் சொத்து.

சுருக்கமாக: மாங்காய் சேமிப்போடு வீட்டுக்கு வருகிறது. ஆரஞ்சு அன்றாடக் கூலி. காம்பை அறுத்த நாளோடு வருமானம் நின்றுவிடும்.

பானகக் கணக்கு

பானகம் கரைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த விஷயம் பாதி தெரிந்த மாதிரிதான். புளிக்கரைசல் தூக்கலாகிவிட்டால் என்ன செய்வோம்? வெல்லம் கூட்டுவோம். இல்லையென்றால் தண்ணீர் விட்டு நீர்க்கவைப்போம். மூன்றாவதாக, கரைந்த புளியில் கொஞ்சத்தை வெளியே எடுத்துவிடலாம். அடுப்படியில் அது நம்மால் முடியாது, பழத்தால் முடியும். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் புளி வெல்லமாகிவிடுவதில்லை. ஆனால் குடிப்பவர் "இப்ப இனிப்பா இருக்கு" என்றுதான் சொல்வார்.

வளரும் ஆரஞ்சுக்குள் இந்த மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. வெல்லம் இலையிலிருந்து வருகிறது, தண்ணீர் வேரிலிருந்து வருகிறது, புளியைப் பழமே செய்து பழமே செலவழிக்கிறது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இனிப்பு வரும் வழி

சர்க்கரையைச் செய்வது இலை. வெயில், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் மூன்றையும் கொண்டு இலை சர்க்கரை செய்வதை ஒளிச்சேர்க்கை என்கிறோம். அந்தச் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ் வடிவில் பயணம் செய்கிறது. சுக்ரோஸ் என்றால் அன்னியப்பட வேண்டாம், நம் காப்பியில் போடும் சீனியே சுக்ரோஸ்தான். இலையிலிருந்து கிளை, காம்பு வழியாக அதைக் கொண்டுபோகும் நுண்குழாய்த் தொகுதிக்குப் பெயர் புளோயம்.

இந்தப் பயணத்தின் கடைசிக் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பம்பளிமாஸ் சுளையின் மெல்லிய தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே கண்ணீர்த்துளி வடிவில் நூற்றுக்கணக்கான சாறுப் பைகள் நெருக்கியடித்துக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் நூலிழை போன்ற காம்பு உண்டு. அந்தக் காம்பு சுளையின் வெளிப்புறச் சுவரில் ஒட்டியிருக்கும். புளோயம் அந்தச் சுவர்வரைதான் வருகிறது, பைக்குள் நுழைவதில்லை. தார்ச் சாலை ஊர் எல்லையில் முடிந்து, அதற்கப்பால் ஒற்றையடிப் பாதை என்கிற மாதிரி. மிச்சத் தூரத்தைச் சர்க்கரை அந்த நூல்காம்பு வழியே செல்லுக்குச் செல் கைமாறித்தான் கடக்க வேண்டும். சிட்ரஸ் பழம் இனிக்க மாதக்கணக்கில் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பைக்குள் வந்து சேர்ந்த சுக்ரோஸில் ஒரு பகுதி இரண்டாகப் பிளந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற எளிய சர்க்கரைகளாகிறது. பழுத்த ஆரஞ்சுச் சாற்றில் இருக்கும் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி சுக்ரோஸ். மீதிப் பாதியை மற்ற இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும்.

குழாய் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்முன் சாட்சி இருக்கிறது. கிரீனிங் என்ற நோயை உண்டாக்கும் பாக்டீரியா புளோயத்துக்குள்தான் குடியிருக்கிறது. சில்லிட் என்ற சின்னஞ்சிறு சாறுறிஞ்சிப் பூச்சி அதை மரத்துக்கு மரம் பரப்புகிறது. நோய் கண்ட மரத்தின் பழம் கோணலாக, சிறுத்து, பாதி பச்சையாகவே நிற்கும். வாயில் வைத்தால் புளிப்பும் கசப்பும்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2005-ல் இந்த நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே ஆரஞ்சு விளைச்சல் சரிந்த சரிவு உலகறிந்தது. நோய் கண்ட மரத்தில் இலை இருக்கிறது, வெயில் இருக்கிறது. சர்க்கரை போய்ச் சேரும் வழிதான் இல்லை.

இந்த இடத்தில் ஒரு வீட்டுத்தோட்ட நம்பிக்கையையும் தொட்டுவிடுகிறேன். வெல்லத்தைக் கரைத்து மரத்தடியில் ஊற்றினால் பழம் இனிக்கும் என்பார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு அது நல்ல விருந்து. பழத்தின் சர்க்கரை வேர் வழியாக ஏறுவதில்லை.

புளிப்பு செய்யப்படும் இடம்

சிட்ரஸ் பழங்களின் புளிப்புக்கு முதற்காரணம் சிட்ரிக் அமிலம். ஸ்வீடனைச் சேர்ந்த வேதியியலர் கார்ல் வில்ஹெல்ம் ஷேலே 1784-ல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பெயரே சிட்ரஸிலிருந்து வந்ததால் அது இந்தப் பழங்களுக்கு மட்டும் உரிய பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இந்த நொடியில் சிட்ரிக் அமிலம் உண்டாகி, உண்டான வேகத்திலேயே செலவாகிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள் உண்டு. சர்க்கரையிலிருந்து கிடைக்கும் துணுக்குகளை எரித்து உயிர்வாழத் தேவையான ஆற்றலைத் தருவது அவற்றின் வேலை. அந்த எரிப்பு ஒரே வீச்சில் நடப்பதில்லை. படிப்படியாக, சக்கரம் போலச் சுற்றிவருகிறது. அந்தச் சுற்றின் முதல் படியில் உருவாவது சிட்ரிக் அமிலம். ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-ல் இந்தச் சுற்றை விளக்கினார். 1953-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்.

மற்ற உயிர்களின் செல்லில் சிட்ரிக் அமிலம் உருவானதும் அடுத்த படிக்குப் போய்விடும், தேங்காது. இளங்காய்ப் பருவத்துச் சிட்ரஸ் சாறுப் பையிலோ அடுத்த படியின் வேகம் மட்டுப்படுகிறது. மடை பாதி மூடிய வாய்க்கால் மாதிரி அமிலம் தேங்குகிறது. தேங்கியதை அங்கேயே விட்டுவைத்தால் செல்லே செத்துவிடும். அதனால் அது வாக்குவோலுக்குள் தள்ளப்படுகிறது. வாக்குவோல் என்பது செல்லுக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. சாறுப் பைச் செல்லில் கிட்டத்தட்ட முழு இடத்தையும் அதுவே அடைத்துக்கொள்கிறது. நாம் பிழிந்து குடிக்கும் சாறு என்பது இந்தத் தொட்டிகளில் இருந்த நீர்தான்.

தொட்டியின் சுவரில் பம்புகள் உண்டு. அவை ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது புளிப்பை உண்டாக்கும் துகள்களை, இடைவிடாமல் உள்ளே தள்ளுகின்றன. புளிப்பின் அளவைச் சொல்லும் கணக்கு பிஎச்: எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும்; ஒரு எண் குறைந்தால் பத்து மடங்கு. தொட்டிக்கு வெளியே செல்லின் பிஎச் 7-ஐ ஒட்டி இருக்கும்போது, எலுமிச்சையின் தொட்டிக்குள் 2-ஐ ஒட்டி இருக்கும். ஒரு மெல்லிய சவ்வின் இருபுறமும் சுமார் ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம்! நமக்குப் பல் கூசுகிற கரைசலை அந்தச் செல் வயிற்றில் கட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறது.

இப்போது 'அமிலம் சர்க்கரையாக மாறுகிறது' என்ற அந்தப் பழைய வாக்கியத்துக்கு வருவோம். பழத்தில் செய்யப்படும் அமிலத்துக்கு மூலப்பொருள் எங்கிருந்து வந்தது? இலை அனுப்பிய அதே சர்க்கரையிலிருந்து. அப்படியானால் இங்கே மாற்றம் நடக்கவே செய்கிறது, ஆனால் நாம் நினைத்ததற்கு நேர் எதிர்த்திசையில்: சர்க்கரைதான் அமிலமாகியிருக்கிறது.

பம்பு சரியாக வேலை செய்யாத ரகங்களும் உலகில் உண்டு. தோற்றத்தில் எலுமிச்சை, வாயில் போட்டால் புளிப்பே இல்லாத ஒரு சப்பென்ற இனிப்பு. வட இந்தியாவில் 'மீட்டா நிம்பு' என்று விற்பார்கள். அதில் சர்க்கரை ஒன்றும் அபாரமாகக் கிடையாது. மறைக்கப் புளிப்பு இல்லாததால் இருக்கிற இனிப்பு தெரிகிறது. (நம் சாத்துக்குடியையும் ஆங்கிலத்தில் இனிப்பு எலுமிச்சை என்று பெயர்த்து எழுதுகிறார்கள். அது தவறு. சாத்துக்குடி எலுமிச்சை இனமே இல்லை, அது இனிப்பு ஆரஞ்சு வகை.)

இதுவரை வந்தது: இனிப்பு வெளியிலிருந்து வரும் சரக்கு. புளிப்பு உள்ளூர்த் தயாரிப்பு. உள்ளூர்த் தயாரிப்புக்கும் கச்சாப்பொருள் வெளிச் சர்க்கரைதான்.

பூவிலிருந்து பழம்வரை

சாத்துக்குடி பூத்து அறுவடைக்கு வர ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து மாதம். முதல் ஒன்றிரண்டு மாதங்களில் செல்கள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. பிஞ்சு சுண்டைக்காய் அளவிலிருந்து மெல்லப் பருக்கும். அதில் பெரும்பகுதி தோல்தான், சாறு என்று சொல்ல ஒன்றுமிருக்காது. பாதிக்கு மேல் பிஞ்சுகள் உதிர்ந்துவிடுவதும் இந்தப் பருவத்தில்தான். முதல் தடவை மரம் வைத்தவர்கள் பதறிப்போவார்கள், பதற வேண்டியதில்லை.

அடுத்த நான்கைந்து மாதங்கள்தான் முக்கியமானவை. செல்கள் பெருகுவதை விட்டுவிட்டுப் பருக்கத் தொடங்குகின்றன. வாக்குவோல் தொட்டிகள் நீரால் நிறைகின்றன. இந்தப் பருவத்தில்தான் அமிலம் மளமளவென்று ஏறி உச்சத்தைத் தொடும். அந்த உச்சத்துக்குப் பிறகு சாற்றின் புளிப்பு இறங்குமுகம். சர்க்கரையோ மெதுவாக, விடாமல் ஏறிக்கொண்டே போகும்.

புளிப்பு ஏன் இறங்குகிறது? பாதிக் காரணம் வெறும் தண்ணீர். கணக்குக்காக ஒரு காயை எடுத்துக்கொள்வோம்: 50 மில்லி சாறு, அதில் 1 கிராம் அமிலம். அதாவது 2 சதவீதம். அதே காய் பெரிதாகி 100 மில்லி சாறு கொண்டதாகிறது. அமிலம் இன்னும் அதே 1 கிராம்தான். ஆனால் இப்போது 1 சதவீதம். ஒரு துளி அமிலம்கூடக் குறையாமலே புளிப்பு பாதியாகிவிட்டது. பானகத்தில் தண்ணீர் விட்ட கதை.

மறுபாதி, அமிலம் மெய்யாகவே செலவாவது. மூடியிருந்த மடை திறக்கிறது. தொட்டியிலிருந்து அமிலம் வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து எரிப்புச் சுற்றில் சேர்ந்து கரைகிறது. இங்கே வெப்பம் முக்கியமான ஆள். சூடு கூடினால் பழம் வேகமாகச் சுவாசிக்கும், அமிலம் வேகமாக எரியும். இரவும் புழுங்கும் ஊர்களில் பழம் அமிலத்தை இழந்து மந்தமான இனிப்போடு நிற்கும். இரவு குளிரும் ஊர்களில் அமிலம் தங்கி, சுவையில் ஒரு விறுவிறுப்பு இருக்கும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் வாய்த்த கலிஃபோர்னிய ஆரஞ்சுக்கும், வெக்கையும் ஈரமும் நிறைந்த ஃபுளோரிடா ஆரஞ்சுக்கும் உள்ள சுவை வேறுபாட்டில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. சமவெளியில் விளையும் சாத்துக்குடி சாதுவாக இனிப்பதும், மலையில் விளையும் கமலா ஆரஞ்சு சுருக்கென்று இருப்பதும் ரகத்தால் மட்டுமல்ல, இரவாலும்தான்.

நம்ப முடியாத ஒரு பழங்கதை உண்டு. ஃபுளோரிடாவில் ஒருகாலத்தில் கிரேப்ஃப்ரூட் மரங்களுக்கு ஈய ஆர்சனேட் தெளித்தார்கள், பழம் சீக்கிரம் இனிக்க வேண்டும் என்று. பழம் இனிக்கவும் செய்தது. சர்க்கரை கூடியதால் அல்ல. அந்த நஞ்சு அமிலம் சேர்வதைக் குறைத்ததால்.

கடைக்காரர் சொன்னதில் ஒரு மணி உண்மை இருப்பதும் இங்கேதான். பறித்த பழமும் சுவாசிக்கிறது, அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கிறது, தோல் வழியே நீரையும் இழக்கிறது. வாரக்கணக்கில் வைத்தால் புளிப்பு லேசாகக் குறைந்தது போலத் தெரியலாம். இரண்டு நாளில் தெரியாது. புதிதாகச் சர்க்கரை எங்கிருந்தும் வந்து சேராது.

சுருக்கமாக: நடுப்பருவத்தில் புளிப்பு உச்சம். பிறகு நீர் கலந்தும் எரிந்தும் அது இறங்குகிறது, சர்க்கரை தன் வழியில் ஏறுகிறது. இரண்டு கோடுகளும் எதிரெதிர்த் திசையில் போவதால் ஒன்று மற்றொன்றாக மாறுவது போலத் தெரிகிறது.

தோலின் நிறம் தனிக் கதை

தோல் பச்சையாக இருந்தால் காய், மஞ்சளானால் பழம் என்பது சிட்ரஸில் நம்பக்கூடாத கணக்கு. தோலிலுள்ள பச்சையம் கரைந்து, அடியிலிருக்கும் கரோட்டினாய்டு என்ற மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் வெளித்தெரிய இரவுக் குளிர் வேண்டும். குளிர் இல்லாத வெப்பநாடுகளில் உள்ளே நன்றாக இனித்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். தாய்லாந்துச் சந்தையில் பச்சைத் தோல் ஆரஞ்சைப் பிழிந்து தருவார்கள், தேனாக இருக்கும். வலென்சியா என்ற ரகம் இன்னும் வேடிக்கை: மரத்திலேயே மஞ்சளாகி, வசந்தத்தில் வெயில் ஏறியதும் மறுபடி பச்சை பூசிக்கொள்ளும். உள்ளே இனிப்பு குறைவதில்லை.

மறுபுறம், எத்திலீன் வாயு நிரப்பிய அறையில் வைத்தால் பச்சைத் தோல் சில நாட்களில் மஞ்சளாகும். அது தோலுக்கு மட்டும் அடிக்கும் வெள்ளை. வாழைக்கு எத்திலீன் காட்டினால் உள்ளே மாவுச்சத்து உடைந்து இனிக்கும். ஆரஞ்சுக்குக் காட்டினால் புளித்த பழம் மஞ்சளான புளித்த பழம் ஆகும், அவ்வளவுதான்.

இனிப்பை எண்ணால் சொல்வது

வியாபாரத்தில் 'பிரிக்ஸ்' என்ற சொல் புழங்கும். 100 கிராம் சாற்றில் எத்தனை கிராம் கரைந்த பொருள் இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு அது. ஆரஞ்சில் கரைந்திருப்பதில் பெரும்பகுதி சர்க்கரை என்பதால் இனிப்பின் அளவாகவே கொள்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் அடால்ஃப் பிரிக்ஸின் பெயர் அது. ஒரு சொட்டுச் சாற்றைக் கையடக்கக் கருவியின் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். நல்ல ஆரஞ்சில் 10 முதல் 12 வரை வரும்.

ஆனால் நாக்கு சர்க்கரையைத் தனியாக எடைபோடுவதில்லை, அமிலத்தோடு வைத்துத்தான் பார்க்கிறது. அதனால் பிரிக்ஸை அமிலச் சதவீதத்தால் வகுத்து வரும் விகிதத்தைக் கணக்கிட்டார்கள். கலிஃபோர்னியாவில் நெடுங்காலம் ஆரஞ்சுக்கு 8-க்கு 1 என்ற விகிதம் குறைந்தபட்ச வரம்பாக இருந்தது.

அதில் ஓர் ஓட்டை. பிரிக்ஸ் 12, அமிலம் 1.5 சதவீதம் உள்ள பழத்துக்கும் விகிதம் 8. பிரிக்ஸ் 8, அமிலம் 1 சதவீதம் உள்ள பழத்துக்கும் விகிதம் 8. முன்னது திடமான சுவை, பின்னது தண்ணீர். 2012-ல் நேவல் ஆரஞ்சுக்கு அங்கே கணக்கை மாற்றினார்கள்: அமிலத்தை நான்கால் பெருக்கி, பிரிக்ஸிலிருந்து கழித்து, மீதியை 16.5-ஆல் பெருக்க வேண்டும். குறைந்தது 90 வர வேண்டும். நம் முதல் பழத்துக்கு 99 வருகிறது, இரண்டாவதுக்கு 66. பழைய கணக்கில் ஒன்றாக நின்றவை புதிய கணக்கில் பிரிந்துவிட்டன. ஒரு பங்கு அமிலம் நான்கு பங்கு சர்க்கரையை விழுங்கும் என்பதுதான் இந்தச் சூத்திரத்தின் உட்பொருள். ரசத்துக்கு எலுமிச்சை பிழியும் யாரும் இதை மறுக்கமாட்டார்கள்.

விவசாயி கையில் இருப்பது

தண்ணீர் முதலில். அறுவடைக்கு முன் நல்ல மழை பெய்தால் பழம் பருக்கும், சாறு நீர்த்துப்போகும். ஜப்பானில் சட்சுமா ஆரஞ்சு வளர்ப்பவர்கள் மரத்தடி முழுவதும் வெள்ளை விரிப்பு போர்த்தி மழைநீர் மண்ணில் இறங்காமல் தடுக்கிறார்கள். மரம் கொஞ்சம் தாகத்தில் இருந்தால் சாற்றில் சர்க்கரை செறிகிறது. தாகம் மிஞ்சினால் அமிலமும் சேர்ந்து செறியும், பழமும் சிறுக்கும்; அளவறிந்து செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது வேர்க்கன்று, அதாவது ஒட்டுக்கட்டும்போது அடியில் வேராக நிற்கும் செடி. ஜம்பேரி எலுமிச்சையின் வேரில் ஒட்டிய மரம் ஓங்கி வளரும், காய் பெரிதாகும், ஆனால் சாற்றில் சர்க்கரையும் அமிலமும் இரண்டுமே நீர்த்திருக்கும். ஒரே ரகம் இரண்டு தோட்டங்களில் இரண்டு விதமாகச் சுவைப்பதற்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேர் காரணமாக இருக்கலாம்.

கடையில் நிற்கும் நமக்கு இதில் எதுவும் தெரியப்போவதில்லை. ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள், சாறு இருக்கும். நிறத்தைப் பார்க்காதீர்கள். ஒன்றை உரித்துத் தரச் சொல்லி ருசி பாருங்கள். அது இன்று எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் நாளை மறுநாளும் இருக்கும்.

எலுமிச்சைக்கு மட்டும் விலக்கு

மேலே சொன்ன இறங்குமுகம் எலுமிச்சைக்குப் பொருந்தாது. அதன் மடை கடைசிவரை திறப்பதேயில்லை. காய் முற்ற முற்ற அமிலம் ஏறிக்கொண்டே போய்ச் சாற்றில் 5, 6 சதவீதத்தைத் தொடும்; சர்க்கரை 2 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அதனால்தான் புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் எலுமிச்சையில் யாரும் இனிப்பைத் தேடுவதில்லை. மரத்தடியில் மஞ்சளாகி விழுந்த பழம் இனிக்கும் என்று எடுத்துக் கடித்துப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை எல்லா ஊரிலும் பார்த்திருப்போம். அதில் சாறு அதிகம், தோல் மெலிந்திருக்கும், ஊறுகாய்க்குச் சீக்கிரம் ஊறும். புளிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.